எண்ணிக்கை வேறு, நியாயம் வேறு

"பெரும்பான்மையான ஜனங்கள் ஓட்டுச் செய்து தீர்மானித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவ்விஷயத்தில் வாயைத் திறக்க எவருக்கும் உரிமை இல்லை என்கின்ற எண்ணம் ஜனங்களுக்குள் பலமாக வேரூன்றி இருக்கின்றது. ராஜா சொன்னதுதான் சட்டம் என்று இருந்த காலம் போய், ஜனங்கள் சொன்னதுதான் சட்டம் என்கின்ற காலம் வந்ததைப் பற்றி நமக்கும் சந்தோஷமே ஒழிய வருத்தமில்லை. ஆனால் அந்த ஜனங்கள் என்பவர்கள் யார்? அவர்களில் யார் யார் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள்? யார் யார் வெளியில் நிறுத்தப்பட்டார்கள்? கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது? சீட்டை எண்ணின புண்ணியவான்கள் யார்? என்பவைகளை எல்லாம் விசாரிக்காமல் எண்ணிக்கையை மாத்திரம் பார்த்துக் கும்பிடு போடுவதும் ஒருவித மூடநம்பிக்கையே என்று நாம் தைரியமாய்ச் சொல்லுவோம்.

இந்த விஷயத்தை நன்றாய் விளக்கிக் காட்டுவதற்கு, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷங்களில் அமெரிக்க மாகாணங்களில் நடந்த ஓட்டெடுப்புகளைவிடத் தக்க உதாரணம் வேறு கிடைப்பது அரிது. ஜனங்களின் கைக்கே நேராகச் சட்டம் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்த பெருமையும் அந்த மாகாணங்களுக்கு உண்டு. அதே அதிகாரத்தைக் கொண்டு ஏழை எளியவர்களின் உரிமையைப் பறித்த சிறுமையும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லுவதே நம்முடைய வேலை.

முதலாவது, அந்த அதிகாரம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் அமெரிக்க மாகாணச் சட்டசபைகள் பெயருக்குத்தான் ஜனப் பிரதிநிதி சபைகள். காரியத்தில் ரயில்வே கம்பெனிகளுக்கும் மற்ற முதலாளிகளுக்கும் அடங்கி நடந்தவை பல. வாஷிங்டனில் இருக்கும் செனட் என்னும் மேல்சபைக்கு அங்கத்தினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுப்பது கிடையாது. 1913-ம் வருஷம் அரசியல் சட்டம் திருத்தப்படும் வரையில் மாகாணச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்து வந்தன. சில நூறு பேரைச் சரிக்கட்டினால் செனட் பதவி கிடைக்கும் என்று இருந்தால் பணம் சும்மா இருக்குமா? மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாகாணத்தில் 1897-ம் வருஷம் இந்தச் செனட் பதவிச் சண்டையினால் கீழ்ச்சபை ஒழுங்காகக் கூடவே முடியாமல், அந்தத் தடவை சட்டசபையே ஒரு காரியமும் செய்யாமல் கலைந்து போயிற்று. ஜனங்கள் வரி கொடுத்ததுதான் மிச்சம்.

அந்த ஆரிகனில் யூரென் என்று ஒருவர் இருந்தார். இளமையில் கொல்லுப் பட்டறையில் வேலை செய்து, பிறகு வக்கீலானவர். 1897-ம் வருஷத்துச் சண்டையில் இவரும் கலந்துகொண்டவர்தான். சுவிட்சர்லாந்து தேசத்தில் குடிகள் நேரிலேயே சட்டங்களுக்கு ஓட்டுச் செய்கின்றார்கள் என்பதை ஜே. டபிள்யூ. சல்லிவன் என்பவர் 1892-ம் வருஷத்தில் எழுதிய புத்தகத்தில் படித்தறிந்து, அதையே தம் மாகாணத்திலும் கொண்டுவர வேண்டுமென்று விவசாயிகளையும் தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டு பல வருஷம் பாடுபட்டார். தெற்கு டகோட்டா மாகாணம் 1898-ம் வருஷத்திலேயே இதற்கு வழி செய்திருந்தது என்றாலும், இதை எடுத்து வாட்டசாட்டமாய் நடத்திக் காட்டியது ஆரிகனே. 1902-ம் வருஷம் ஜூன் மாதம் ஆரிகன் ஓட்டர்கள் 62,024 ஓட்டுக்கு 5,668 ஓட்டு என்கின்ற விகிதத்தில் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த முறை இதுதான். ஓட்டர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் விகிதம் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தால், ஜனங்களே எழுதிய ஒரு சட்டம் தேர்தல் சீட்டில் அச்சாகி ஓட்டுக்கு வரவேண்டும். சட்டசபையின் தயவு வேண்டியதில்லை. நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால், சட்டசபை செய்த சட்டத்தையே நிறுத்தி வைத்து ஜனங்களின் ஒப்பத்தைக் கேட்டாக வேண்டும். பிறகு 1908-ம் வருஷத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. அதாவது, நன்றாய் நடந்துகொள்ளாத உத்தியோகஸ்தரை அவர் காலம் முடியுமுன்பே ஓட்டுப் போட்டுத் திருப்பியழைத்துக் கொள்ளலாம் என்பது.

இதனால் என்ன நன்மை உண்டாயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். 1908-ம் வருஷத்தில் ஆரிகன் ஜனங்கள் தாங்களே கொண்டுவந்த ஒரு சட்டத்தின் மூலம், "செனட் பதவிக்கு நாங்கள் யாருக்கு அதிக ஓட்டுக் கொடுக்கிறோமோ அவரையே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்று சட்டசபை அங்கத்தினர்களுக்கு உத்தரவு போட்டார்கள். சட்டசபையில் குடியரசுக் கட்சியார்தான் மிகப் பெருவாரி. ஜனங்களோ எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சேம்பர்லேன் என்பவருக்கு அதிக ஓட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1909-ம் வருஷம் ஜனவரியில் அந்தக் குடியரசுக் கட்சிச் சட்டசபை, பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரரையே செனட்டுக்கு அனுப்பி வைத்தது! எஜமானன் யார், வேலைக்காரன் யார் என்பது அன்றைக்குத்தான் அந்தச் சபைக்குத் தெரிந்தது என்று சொல்லலாம்.

முதலாளிகள் சும்மா இருந்தார்களா? 1906-ம் வருஷத்தில் ஜனங்கள் டெலிபோன், தந்திக் கம்பெனிகளின் வருமானத்தின்மீது நேர் ஓட்டினால் வரி விதித்தார்கள். ஒரு டெலிபோன் கம்பெனி கோர்ட்டில், "ஜனங்களே சட்டம் செய்வது குடியரசு முறைக்கு விரோதம்" என்று வாதாடிற்று. குடிகள் சட்டம் செய்தால் குடியரசு கெட்டுப்போகுமாம். கம்பெனிகள் செய்தால் கெடாதாம்! 1912-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட், இது கோர்ட்டு தீர்க்கக்கூடிய விஷயமல்ல, காங்கிரஸ் சபை பார்த்துக்கொள்ள வேண்டிய அரசியல் விஷயம் என்று சொல்லி அந்த வழக்கைத் தள்ளிவிட்டது.

அரிசோனா சங்கதி இன்னும் வேடிக்கையானது. அது புதிதாக மாகாணமாகச் சேர வந்தபோது, நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத் திருப்பியழைக்கலாம் என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டு வந்தது. ஜனாதிபதி டாப்ட் 1911-ம் வருஷத்தில், அது இருக்கும் வரையில் சேர்க்க முடியாது என்று மறுத்துவிட்டார். அரிசோனாக்காரர்கள் மரியாதையாக அதை எடுத்துவிட்டு, 1912-ம் வருஷம் பிப்ரவரியில் மாகாணமாகச் சேர்ந்து, அதே வருஷம் நவம்பரில் ஓட்டுப் போட்டு மறுபடியும் எழுதிக்கொண்டார்கள்!

"பாமர ஜனங்களுக்குச் சட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் அங்கும் இருந்தார்கள். அதற்கு ஆரிகன் செய்த பதில் என்னவென்றால், ஒவ்வொரு சட்டத்தின் வாசகத்தையும், அதற்குச் சாதகமாகவும் பாதகமாகவும் சொல்லும் காரணங்களையும் சர்க்காரே ஒரு புத்தகமாக அச்சடித்துத் தேர்தலுக்கு முன்பே ஓட்டர்களுக்கு அனுப்பி வைத்ததேயாகும். 1910-ம் வருஷத்தில் 32 விஷயங்கள் ஓட்டுக்கு வந்தன; அந்தப் புத்தகம் இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. பாமரனுக்குத் தெரியாது என்றால் தெரிய வைப்பதுதான் யோக்கியமான மார்க்கமே தவிர, தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவன் தலையில் சவாரி செய்வது யோக்கியமல்ல.

இதுவரையில் சொன்னது பெருமை. நிற்க, இனி மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம்.

பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்கின்ற கேள்வி ஆரிகனில் 1884, 1900, 1906, 1908, 1910 ஆகிய ஐந்து வருஷங்களில் ஓட்டுக்கு விடப்பட்டு, ஐந்து தடவையும் தோற்றுப்போயிற்று. ஆறாவது தடவையாக 1912-ம் வருஷத்தில்தான் வெற்றி பெற்றது. இதற்காக ஆதிமுதல் உழைத்தவர் அபிகேல் ஸ்காட் டனிவே என்னும் அம்மையார். உபாத்தியாயராகவும், தொப்பிக் கடை வைத்தும் குடும்பத்தைக் காப்பாற்றி, பெண்கள் உரிமைக்காகப் பதினாறு வருஷகாலம் தாமே ஒரு வாரப் பத்திரிகை நடத்தியவர். அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர், அந்த மாகாணத்தின் பெரிய பத்திரிகையாகிய "ஆரிகோனியன்" பத்திரிகையின் ஆசிரியராய் இருந்த அவருடைய சொந்தச் சகோதரரே! வெற்றி பெற்ற வருஷத்தில் அம்மையாருக்கு வயது 78. அந்த வெற்றியின் பிரகடனத்தை அவர் கையாலேயே எழுதும்படி கவர்னர் வெஸ்ட் கேட்டுக்கொண்டார் என்பதைப் படிக்கும்போது நமக்கு உவகை உண்டாகின்றது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் உண்டாகின்றது.

அந்த ஆறு தடவையும் ஓட்டுப் போட்டவர்கள் யார்? ஆண்கள் மாத்திரமே. பெண்ணுக்கு உரிமை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கப் பெண் ஒருத்திக்கும் ஓட்டில்லை! வாதியை வெளியில் நிறுத்திவிட்டுப் பிரதிவாதிகளே நீதிபதிகளாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன வழக்கு இது. 1910-ல் பெண்ணுக்கு இல்லாத அறிவு 1912-ல் திடீரென்று வானத்திலிருந்து இறங்கி வந்துவிட்டதா? உரிமை 1884-லும் இருந்தது, 1910-லும் இருந்தது. இல்லாமல் இருந்தது ஆண்களுக்கு நியாய புத்தி மாத்திரமே.

கலிபோர்னியாவிலும் இதே கதைதான். 1896-ம் வருஷத்தில் தோற்ற விஷயம் 1911-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி மறுபடியும் ஓட்டுக்கு வந்தது. ரயில்வே கம்பெனியை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று சொல்லி வெற்றி பெற்ற கவர்னர் ஹைரம் ஜான்சன் காலம் அது. அன்றைய சீட்டில் 23 திருத்தங்கள். அவற்றில் 22 நிறைவேறின. ஜனங்களே சட்டம் செய்யும் அதிகாரம் சுலபத்தில் நிறைவேறிற்று. பெண்கள் ஓட்டுரிமையோ சான் பிரான்சிஸ்கோ பட்டணத்தில் தோற்று, மறுநாள் காலையில் தோல்வி என்றே பேசப்பட்டு, பிறகு கிராமாந்தரங்களின் ஓட்டுகள் வந்து சேர்ந்தபின் 3,587 ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. பட்டணத்துக் கனவான்கள் கொடுக்க மனமில்லாததைப் பட்டிக்காட்டு விவசாயிகள் கொடுத்தார்கள்.

ஒஹையோ மாகாணத்தில் 1912-ம் வருஷம் செப்டம்பரில் 42 திருத்தங்கள் ஓட்டுக்கு வந்து, 34 நிறைவேறின. நேரே சட்டம் செய்யும் உரிமை ஜனங்களுக்குக் கிடைத்தது. தோற்றுப்போன எட்டில் இரண்டு எவை தெரியுமா? ஒன்று பெண்களுக்கு ஓட்டு. மற்றொன்று, ஓட்டர் என்பவன் "வெள்ளையனாய்" இருக்க வேண்டும் என்று பழைய சட்டத்தில் கிடந்த செத்துப்போன சொல்லை எடுத்துவிடுவது! தனக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்ட அதே கை, அதே நாளில், அதே சீட்டில், பிறத்தியாருக்குக் கூடாது என்று கோடு போட்டது.

இவ்விஷயத்தில் நாம் புகழ்ந்த ஆரிகனும் சளைத்ததல்ல. 1857-ம் வருஷத்தில் ஆரிகன்காரர்கள் அடிமை முறை வேண்டாம் என்று ஓட்டுச் செய்தார்கள். அதே நாளில், அடிமையல்லாத கறுப்பு மக்களும் மாகாணத்துக்குள் வந்து குடியேறக்கூடாது என்று 8,640 ஓட்டுக்கு 1,081 ஓட்டாகத் தீர்மானித்தார்கள். கறுப்பருக்கும் சீனருக்கும் ஓட்டில்லை என்றும் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 1870-ம் வருஷத்தில் தேசம் முழுவதுக்குமான 15-வது திருத்தம் வந்து, நிறத்தைக் காரணமாக வைத்து ஓட்டை மறுக்கக்கூடாது என்று ஆனபின் அந்த வாசகங்கள் வெறும் எழுத்தாகிவிட்டன. அந்த வெறும் எழுத்தையாவது அழித்துவிடலாம் என்று 1916-ம் வருஷத்தில் கேட்டபோது, 1,00,027 பேர் அழிக்கலாம் என்றும், 1,00,701 பேர் அழிக்கக்கூடாது என்றும் ஓட்டுச் செய்தார்கள். குடியேற்றத் தடை 1926-ம் வருஷத்திலும், ஓட்டுத் தடை 1927-ம் வருஷத்திலுமே எடுக்கப்பட்டன. செத்த பாம்பைத் தூக்கி எறியவும் மனம் வராமல் வீட்டுக்குள் வைத்துக் காத்தவர்கள், உயிருள்ள மனிதனிடத்தில் எப்படி நடந்துகொண்டிருப்பார்கள் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளட்டும்.

தென் மாகாணங்களிலோ மானக்கேடு இன்னும் பெரிது. அலபாமாவில் 1901-ம் வருஷத்தில் ஒரு புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். சட்டத்தின் மூலம் வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவதே நோக்கம் என்று அந்த மகாநாட்டின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். எழுத்தறிவுப் பரீட்சை, சொத்து, ஓட்டு வரி என்று பல முட்டுக்கட்டைகள். ஓட்டு வரி வருஷத்துக்கு ஒன்றரை டாலர். கட்டாமல் விட்டால் வருஷா வருஷம் பாக்கி ஏறி 36 டாலர் வரையில் போகும். கறுப்பருக்கென்று தோண்டிய இந்தக் குழியில் ஏழை வெள்ளையரும் ஆயிரக்கணக்காய் விழுந்தார்கள். இந்தச் சட்டம் ஓட்டுக்கு விடப்பட்டு, 1,08,613-க்கு 81,734 ஆக நிறைவேறியதாகச் சொல்லப்பட்டது. எப்படி நிறைவேறிற்று? கறுப்பு மக்கள் பெருவாரியாய் வாழும் ஜில்லாக்களின் "ஓட்டுகளால்" நிறைவேறிற்று! டல்லஸ், ஹேல், வில்காக்ஸ் என்னும் மூன்று ஜில்லாக்களில் ஓட்டுரிமை வயதுள்ள வெள்ளை ஆண்கள் 5,623 பேர், அங்கே சட்டத்துக்குச் சாதகமாக விழுந்ததாக எண்ணப்பட்ட ஓட்டுகள் 17,475, எதிராக 508. அதாவது, கறுப்பு மக்கள் திரள் திரளாக வந்து "எங்கள் ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்" என்று ஓட்டுப் போட்டார்களாம்! இதை நம்புகிறவன் எதைத்தான் நம்பமாட்டான்? 1900-ல் சுமார் 1,81,000 ஆக இருந்த கறுப்பு ஓட்டர் தொகை, சட்டம் வந்தபின் மூவாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று.

ஓக்லஹாமா 1907-ம் வருஷத்தில் மாகாணமாகச் சேர்ந்தபோதே ஜனங்கள் நேரே சட்டம் செய்யும் உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மாகாணம். அந்த முற்போக்கு மாகாணம் 1910-ம் வருஷம் ஆகஸ்டில் அந்த உரிமையைக் கொண்டு என்ன செய்தது? அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியைக் கொடுத்தாலும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவனுக்கே ஓட்டு என்று விதி செய்தது. ஆனால் 1866-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியில் ஓட்டுரிமை பெற்றிருந்தவனின் பரம்பரைக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அந்தத் தேதியில் கறுப்பரில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமை கிடையாது என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா? சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பாட்டன் யார் என்று மாத்திரம் கேட்டார்கள்! எழுத்தறியாத வெள்ளையன் பாட்டன் பெயரைச் சொல்லி உள்ளே போவான்; எழுத்தறிந்த கறுப்பன் பரீட்சைக்காரனின் தயவுக்குக் காத்து நிற்பான். பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் அக்கிரமம் எந்தத் தேசத்தில் நடந்தாலும் அதன் முகம் ஒன்றாகத்தான் இருக்கின்றது.

சீட்டை அச்சடித்த சூழ்ச்சியையும் கவனியுங்கள். "திருத்தத்துக்குச் சாதகம்" என்கின்ற வார்த்தைகள் சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தன. எதிர்ப்பவன் பென்சிலால் அதை அடிக்க வேண்டும். அடிக்காமல் பேசாமல் இருந்தவன் ஓட்டெல்லாம் சாதகமாக எண்ணப்படும். மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லும் தந்திரமே அங்கும் கையாளப்பட்டது. சுப்ரீம் கோர்ட் 1915-ம் வருஷத்தில் இந்தப் பாட்டன் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளிற்று. உடனே ஓக்லஹாமா சட்டசபை, புதிதாய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள் 1916-ம் வருஷத்தில் பன்னிரண்டு நாளைக்குள் பதிந்துகொள்ள வேண்டும், தவறினால் ஆயுள் முழுவதும் இல்லை என்று வேறொரு கண்ணி வைத்தது. அதை உடைக்க 1939-ம் வருஷம் ஆயிற்று.

இதற்கு நேர்மாறாக, மேரிலாந்து மாகாணத்தில் 1905, 1909, 1911 ஆகிய மூன்று வருஷங்களிலும் கறுப்பரின் ஓட்டைப் பறிக்கும் திருத்தங்கள் ஜன ஓட்டுக்கு வந்து, மூன்று தடவையும் தோற்கடிக்கப்பட்டன. காரணம் என்ன? மேரிலாந்து வெள்ளையர் எல்லாம் மகாத்மாக்கள் என்பதல்ல. அங்கே கறுப்பரின் கையில் அப்போது ஓட்டு இருந்தது. ஐரோப்பாவிலிருந்து புதிதாய் வந்து குடியேறிய ஏழைகளும் "இன்றைக்கு அவனுக்கு வைத்த கத்தி நாளைக்கு நமக்கு" என்று உணர்ந்து அவர்களுடன் சேர்ந்து நின்றார்கள். நம்முடைய கட்டுரையின் சாரம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கின்றது. அதாவது, யாருடைய உரிமையைப் பற்றிக் கேள்வியோ அவர்கள் கையில் ஓட்டு இருந்தால், ஓட்டுப்பெட்டி அவர்களுக்குக் கேடயம். இல்லாவிட்டால் அதுவே அவர்கள் கழுத்துக்குச் சுருக்கு.

ஓட்டில்லாதவர்களுக்கு நேர்ந்த கதிக்குக் கலிபோர்னியாவே சாட்சி. பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த அதே கலிபோர்னியா, 1920-ம் வருஷத்தில் 6,68,483 ஓட்டுக்கு 2,22,086 ஓட்டாக ஒரு நிலச் சட்டம் செய்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அன்னியர்கள் விவசாய நிலத்தை வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாது என்பது அது. ஜப்பானியர் என்கின்ற பெயரே அதில் இல்லை. ஆனால் அடி விழுந்தது முக்கியமாக ஜப்பானிய விவசாயிகளின் முதுகில். ஆசியாவில் பிறந்தவனுக்குக் குடியுரிமை இல்லை என்று ஒரு கதவைச் சாத்துவது. குடியுரிமை இல்லாதவனுக்கு நிலமில்லை என்று மற்றொரு கதவைச் சாத்துவது! ஓட்டெடுப்பில் வாய்திறக்க அவர்களுக்கு வழியேது?

இந்தக் கதவில் நம் தேசத்தவரும் மோதிக்கொண்டார்கள். அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபிச் சீக்கியர் குடியுரிமை கேட்டார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்குமே குடியுரிமை என்று அப்போது சட்டம். அவர் தரப்பில் என்ன வாதம் செய்யப்பட்டது தெரியுமா? "நான் மனிதன்" என்றல்ல. உயர்ந்த ஜாதியில் பிறந்த ஆரியன், ஆகவே வெள்ளையன் என்றும், கலியாண சம்பந்தத்தில் உயர்ந்த ஜாதியார் பூர்வ குடிகளை ஒதுக்குவது அமெரிக்கர் கறுப்பரை ஒதுக்குவது போன்றது என்றும் வாதம் செய்யப்பட்டது! 1923-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாய், நீ எந்த ஜாதியானாலும் வெள்ளையன் அல்ல என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் என்பது கவனிக்கத்தக்கது. அதன் பலனாக இந்தியர்கள் பலருடைய குடியுரிமை ரத்தாயிற்று. கலிபோர்னியாவில் அந்த 1920-ம் வருஷத்து நிலச் சட்டம் அவர்கள் தலையிலும் விழுந்தது. இங்கே பிறரைத் தாழ்த்த உதவிய ஜாதி, கடல் தாண்டியவுடன் கால் காசுக்கும் உதவவில்லை. இந்தியருக்குக் குடியுரிமை 1946-ம் வருஷத்தில்தான் கிடைத்தது. நிலச் சட்டத்தை 1952-ல் கலிபோர்னியாவின் உயர்ந்த கோர்ட் செல்லாது என்று சொல்லி, 1956-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுத்தார்கள்.

மனிதனின் உரிமையை ஓட்டுக்கு விட்டது போதாதென்று, சாஸ்திர உண்மையையும் ஓட்டுக்கு விட்ட மாகாணம் ஒன்றுண்டு. அது ஆர்கன்சா. மனிதன் கீழ்ப்பிராணிகளிலிருந்து படிப்படியாய் வளர்ந்து வந்தவன் என்று சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கற்பிக்கக்கூடாது என்று பாதிரிகள் தூண்ட, 1928-ம் வருஷத்தில் ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டம் செய்தார்கள். 1,08,991 பேர் சாதகம். 63,406 பேர் பாதகம். லட்சம் பேர் கை தூக்கினதால் மனிதனின் பூர்வோத்தரம் மாறிவிடுமா? பூமி தட்டை என்று ஊர் முழுவதும் ஓட்டுச் செய்தால் அது தட்டையாகிவிடுமா? ஆனாலும் அந்தச் சட்டம் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களின் வாயை அடைத்து வைத்திருந்து, 1968-ம் வருஷத்தில்தான் சுப்ரீம் கோர்ட்டினால் ஒழிந்தது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணக்காரர்களிடமிருந்து தப்ப ஏற்பட்ட இந்த முறையிலும் பணம் சீக்கிரத்தில் நுழைந்துவிட்டது. கூலிக்கு ஆள் வைத்துக் கையெழுத்துச் சேர்ப்பது ஆதி நாளிலேயே தொடங்கிற்று. அதைத் தடுத்த கொலராடோ மாகாணச் சட்டத்தையும் 1988-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

இவ்வளவும் சொல்லுவதால், ஜனங்களுக்கு அதிகாரம் கூடாது என்றோ, ஓட்டெடுப்பே மோசம் என்றோ நாம் சொல்லுவதாக எவரும் திரித்துக் கூற இடமில்லை. ஒருசிலர் கையில் இருந்த காலத்தில் நடந்த அக்கிரமம் இதைவிடக் குறைவல்ல. அலபாமாச் சட்டத்தை எழுதினவர்கள் பாமரர்கள் அல்ல, படித்த கனவான்களே. வர்ஜீனியாவில் 1902-ம் வருஷத்தில் அதே மாதிரிச் சட்டத்தை ஜன ஓட்டுக்கு விடாமலே பிரகடனம் செய்துவிட்டார்கள். ஆகவே குற்றம் ஓட்டுச் சீட்டில் இல்லை. சீட்டு யார் கைக்கு எட்டவில்லை என்பதில்தான் இருக்கின்றது.

ஆதலால் எந்த ஓட்டெடுப்பைப் பற்றி எவர் வந்து பெருமை பேசினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று, இதனால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு இதில் ஓட்டு உண்டா? இரண்டு, கேள்வி பாமரனுக்கும் விளங்கும்படி நேர்மையாய்க் கேட்கப்பட்டதா, இல்லை, பேசாதவனையும் சம்மதித்தவனாக்கும் தந்திரம் இருக்கின்றதா? மூன்று, இது ஊர்ப் பொதுக் காரியமா, அல்லது ஒருவனுடைய பிறப்புரிமையா? வரி எவ்வளவு, ரஸ்தா எங்கே, தலைநகரம் எது என்பவை தலை எண்ணித் தீர்க்க வேண்டியவை. நீ மனிதனா இல்லையா என்பது தலை எண்ணித் தீர்க்கக்கூடியதல்ல.

டனிவே அம்மையார் ஐந்து தடவை தோற்றார். "ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்களே" என்று வீட்டில் உட்காரவில்லை. கறுப்பு மக்கள் பாட்டன் சட்டம் ஒழிந்த 1915 முதல், ஓட்டுரிமைச் சட்டம் வந்த 1965 வரையில் ஐம்பது வருஷம் கோர்ட்டிலும் தெருவிலும், அடியும் உதையும் பட்டு, உயிரும் கொடுத்துப் போராடினார்கள். எண்ணிக்கையைக் கண்டு அவர்கள் பயந்திருந்தால் அந்த எண்ணிக்கை இன்றும் அப்படியே இருந்திருக்கும். பெரும்பான்மை என்பது நேற்றைய தினத்தின் கணக்கு. அது தவறாக இருந்தால், தவறு என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன் எழுந்து நின்ற நாளிலிருந்துதான் அது மாறத் தொடங்குகின்றது.